கலர் கம்மி

2016-ல் திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். எடிட்டிங் என்று பெயர்தான், பாதி வேலை கலர். முகூர்த்தம் முடிந்த மறுநாளே ஹார்டு டிஸ்க் மேசைக்கு வந்துவிடும். சில நாள் கழித்து வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். அப்படி ஒருநாள் பெண்ணின் தாய்மாமன் வந்தார். மானிட்டரில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தம்பி, பிள்ள கொஞ்சம் கலர் கம்மி. பாத்து ஏத்திக் குடுங்க. மாப்ள வீட்ல எல்லாரும் பாப்பாங்கல்லா.”

ஏற்றிக் கொடுத்தேன். பெரிய வேலை இல்லை. தோலின் நிறத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மென்பொருள் பிடித்துக்கொள்ளும். நடுத்தர வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளி, நிறச்செறிவைக் கொஞ்சம் குறைத்து, ஓரம் தெரியாமல் மழுப்பிவிட்டால் முடிந்தது. முழு வீடியோவுக்கும் ஒரு சாயங்காலம் போதும்.

இரண்டு வாரம் கழித்து மாமா மறுபடி வந்தார். கூடவே பெண்ணின் அம்மா. முகத்தைப் பற்றி இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. தாலி கட்டும் இடம் வந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “தம்பி, சேலை ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? இது அரக்குல்லா? காஞ்சிபுரம் வரைக்கும் போயி எடுத்தது.” முன்னமே அனுப்பியிருந்த டிரெய்லரைப் போனில் பார்த்துவிட்டு ஏற்பாடாகத்தான் வந்திருந்தார். பையைத் திறந்து, பிளவுஸ் தைத்ததுபோக மிஞ்சிய துண்டை எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்தார். நிறம் திருத்துகிறவனுக்கு இதைவிட நல்ல சான்று யாராலும் தர முடியாது.

அவர் சொன்னது சரி. மென்பொருளுக்கு முகம் என்றால் என்னவென்று தெரியாது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒரு பட்டையைத்தான் அது பிடிக்கிறது. அந்தப் பட்டைக்குள் கன்னம் மட்டுமா இருக்கிறது? அரக்குச் சேலையின் வெளிச்சம் பட்ட மடிப்பு, சந்தனம், குத்துவிளக்கு, மணமேடையின் மரம், தேங்காய் நார் எல்லாம் உள்ளே வந்துவிடும். முகத்தை வெளுக்கப் போனால் கூடவே பாதி மணவறையும் வெளுக்கும். அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். சேலையை மட்டும்.

அந்தத் துணித்துண்டு என் மனசைவிட்டுப் போகவில்லை. சேலைக்கு ஒரு நிஜ நிறம் இருக்கிறது. அது மாறினால் தட்டிக்கேட்க ஆள் இருக்கிறது, பையில் சாட்சி இருக்கிறது. முகத்துக்கு அப்படி ஒரு சாட்சியை யாரும் கொண்டுவரவில்லை. அந்தப் பெண்ணே வரவில்லை. பிறகு சென்னைக்கு வந்து டி.ஐ. அறைகளில் உதவியாளனாக உட்கார்ந்தபோதும், டிக்கெட் வாங்கித் தியேட்டரில் உட்கார்ந்தபோதும் எனக்குள் ஓடிய கேள்வி இதுதான்: நம் சினிமா எதைச் சேலையாக நினைக்கிறது, எதை முகமாக நினைக்கிறது?

*

‘கலர்’ என்ற சொல்லை நாம் எப்படிப் புழங்குகிறோம் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். ‘பொண்ணு நல்ல கலரு’ என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளுப்பு. ‘கலர் கம்மி’ என்றால் கறுப்பு. ஏதோ எல்லாருக்கும் அளந்து ஊற்றும்போது இவர்களுக்கு மட்டும் யாரோ கஞ்சத்தனம் செய்துவிட்டமாதிரி. ஆனால் ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிட்டால் இதே வாய் எத்தனை நுணுக்கமாகப் பேசுகிறது! அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ. ஒரு பாடகியின் பேரில் ஒரு நீலத்தையே வைத்திருக்கிறோம். தோல் என்று வந்தால் சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று மூன்று சொல்லோடு கடையைச் சாத்திவிடுகிறோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். மாந்தளிரைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் செம்பும் இருக்கும், பழுப்பும் இருக்கும், மேலே ஒரு மினுமினுப்பும் இருக்கும். தலைவியை மாயோள் என்றே அழைப்பார்கள், கருநிறத்தவள் என்று. அவன் பிரிந்து போனால் அவள் மேனியில் பசலை படரும். நிறம் மங்கி வெளிறிப் போவதுதான் பசலை. வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடலில் தலைவியின் துயரமே இதுதான்: தன் மாமை தனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்று. அதாவது அங்கே முகம் வெளுப்பது நோய். நான் அந்தச் சாயங்காலம் நோட் போட்டு, மாஸ்க் போட்டு, ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பசலையை வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

*

கலரிஸ்ட்டின் திரையில் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்டம் இருக்கும். காட்சியில் இருக்கிற நிறங்களை எல்லாம் அது புள்ளிகளாகக் கொட்டிக் காட்டும். மையத்திலிருந்து புள்ளி எந்தத் திசையில் போகிறது என்பது நிறம். எவ்வளவு தூரம் போகிறது என்பது செறிவு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். தோலுக்கான கோடு.

அதைப் பற்றி முதலில் ஒரு சீனியர் சொன்னபோது நான் நம்பவில்லை. சாதாரண வெள்ளை வெளிச்சத்தில், ஒப்பனை இல்லாமல் எடுத்தால், உலகத்தில் யார் முகமாக இருந்தாலும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும் என்றார். வீட்டுக்குப் போய் என் அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எடுத்தேன். ஒரு பயிற்சி வீடியோவில் இருந்த ஐரோப்பியப் பெண்ணின் முகத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே திசையில் நீண்டன. தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனினும் அடியில் ஓடும் ரத்தமும்தான். அளவு ஆளுக்கு ஆள் மாறும், சரக்கு ஒன்றே. பெரிய வித்தியாசம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது, எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதில். அந்த வட்டத்துக்கு வெளிச்சம் தெரியாது. அதனால் அதற்குச் சாதியும் தெரியாது, நாடும் தெரியாது.

இன்னொன்றையும் அன்றைக்குப் பார்த்தேன். அம்மாவின் புள்ளிகள் அந்த ஐரோப்பியப் பெண்ணின் புள்ளிகளைவிட மையத்தைத் தாண்டி அதிக தூரம் போயிருந்தன. செறிவு அதிகம். வட்டத்தின் கணக்குப்படி கலர் கம்மியானவள் அந்தப் பெண்தான். மாமா என்னிடம் ‘கலர் ஏத்து’ என்று சொன்னார். நான் உண்மையில் செய்தது கலரை இறக்கியது.

இதை ஏன் அப்போதே எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை? நான் கற்றுக்கொண்டது முழுக்க யூடியூபில். முகம் வேவ்ஃபார்மில் 70-ஐ ஒட்டி நிற்கவேண்டும் என்று பாடம். அந்த 70 வெள்ளைத் தோலின் வெளிச்சப் பகுதிக்கான பழைய கணக்கு என்பதைப் பாடம் எடுத்தவர் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது. அவர் வீடியோவில் இருந்த முகம் எல்லாம் அங்கேதான் நின்றன. என் ஊர் முகங்களை நான் 45-லிருந்து 70-க்குத் தூக்கித் தூக்கி வைத்தேன், அதைச் சரியான எக்ஸ்போஷர் என்று நினைத்துக்கொண்டு.

இந்தத் தவறுக்கு ஒரு வம்சாவளி உண்டு. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் லேபுகளுக்கு ஒரு சோதனை அட்டை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண். ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் பிரின்ட் சரி. கறுப்புக் குழந்தைகள் பள்ளிக்கூடக் குழுப்படத்தில் கண்ணும் பல்லுமாகத் தெரிந்தபோது அது பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இதைப் பற்றி 2009-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயம் வரும். பழுப்பு நிறங்களை ஃபிலிம் சரியாகப் பதியவேண்டும் என்று கோடாக் மெனக்கெட்டதற்கு ஒரு காரணம், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் கொடுத்த புகார். டார்க் சாக்லேட்டும் மில்க் சாக்லேட்டும் விளம்பரத்தில் ஒரேமாதிரி தெரிகின்றன, ஒரு மரத்தையும் இன்னொரு மரத்தையும் பிரித்தறிய முடியவில்லை என்று. சாக்லேட்டுக்குக் கேட்க ஆள் இருந்தது. எனக்கு அந்த அரக்குத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

*

டிஜிட்டலுக்கு முன்னால் முகத்தை மட்டும் வெளுக்கும் வசதி லேபில் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பிரின்டர் விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் 50 படி. எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் முழு ஃபிரேமும் சேர்ந்துதான் மாறும். கதாநாயகியின் கன்னம் ஏறினால் பின்னால் இருக்கிற சுவரும் ஏறும். ஆகவே வெளுக்கிற வேலையை எல்லாம் கேமராவுக்கு முன்னாலேயே முடித்தார்கள்: பான்கேக், பவுடர், நேருக்கு நேர் அடிக்கிற லைட். இதை மறுத்தவர்கள் இருந்தார்கள். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும், மறு கன்னம் நிழலில் கிடக்கும். அந்த நிழலுக்குள்ளும் தோல் தோலாகவே இருக்கும். அவர் அந்த முகத்துக்கு இரங்கவும் இல்லை, அதைத் தூக்கி நிறுத்தவும் இல்லை. வாடகை வீட்டில் இருக்கிற ஒரு வேலைக்குப் போகிற பெண்ணின் முகம் அது. அவ்வளவுதான்.

2000-ல் வந்த கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தோ?’ படத்தை டி.ஐ. வரலாற்றின் தொடக்கமாகச் சொல்வார்கள். மிசிசிப்பியின் பச்சைப்பசேல் கோடையில் எடுத்த படத்தை ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் காய்ந்துபோன பழைய போட்டோ மாதிரி மஞ்சளாக்கினார். எல்லாரும் அதில் அந்தப் புல்லை வியப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, புல் மாறியபோது பக்கத்தில் இருந்த முகங்கள் அதோடு சேர்ந்து போகவில்லை என்பது. ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுத்து மாற்றலாம் என்று அந்தப் படம் காட்டியது. அவர்கள் புல்லில் செய்ததை நாம் முகத்தில் செய்தோம்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2007-ல் வந்த ‘சிவாஜி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் தன் கறுப்பு நிறத்துக்காகத் தவிக்கிறான், வெளுக்க என்னென்னவோ பூசுகிறான், கடைசியில் ஒரு பாட்டு முழுக்க ரஜினி ஐரோப்பியர் மாதிரி வெள்ளைத் தோலோடு ஆடுகிறார். ரஜினி நடித்த ஷாட்களை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வைத்து அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்து, அவருடைய தோலை ரஜினியின்மேல் ஏற்றினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் கைதட்ட வேண்டிய வேலை. நானே கைதட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில், விசில் அடித்து.

அதே படத்தில் பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள். அவர்கள் நிறம்தான் ஜோக். அவர்களைக் கண்டு நாயகன் தரப்பு ஓடுவதுதான் காமெடி. பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரி மகளிர்க்கு மரபு வைத்திருக்கிற பெயர்கள். அப்பாவாக நடித்தவர் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா. தகப்பனையும் குன்றையும் இழந்த நிலாக்காலத்தைப் பாடிய அந்தப் பெண்களின் பெயரை எடுத்து இங்கே ஒட்டவைத்தது யார் யோசனையோ தெரியாது. ஆனால் தியேட்டரே சிரித்தது. மாமை அழகாக இருந்த மொழியிலிருந்து கலர் கம்மி என்கிற மொழிக்கு நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே படத்தில் ஆணின் கறுப்புக்கு ஒரு வருடத்து கிராஃபிக்ஸ் கனவு, பெண்ணின் கறுப்புக்குச் சிரிப்பு.

*

பச்சையாக வெளுப்பது ஒரு வகை. அதைக் கண்டுபிடித்துத் திட்டிவிடலாம். சிரமமானது இன்னொரு வகை, ‘யதார்த்தம்’ என்ற பெயரில் வருவது.

‘பருத்திவீரன்’ (2007), ‘சுப்ரமணியபுரம்’ (2008) வந்தபோது அந்தப் புழுதியும் பழுப்பும் எங்களுக்கெல்லாம் புதுசு. நம் ஊர் வெயிலைத் திரையில் பார்த்ததுபோல இருந்தது. பிறகு அதுவே பார்முலா ஆனது. மதுரைக்குத் தெற்கே என்றால் மஞ்சள், அரிவாள் வந்தால் இன்னும் கொஞ்சம் மஞ்சள். ஸ்டீவன் சோடர்பெர்க் ‘டிராஃபிக்’ (2000) படத்தில் மெக்சிகோவைப் புகையிலைச் சாயத்தில் முக்கி எடுத்தார், ஒஹாயோவை நீலத்தில். அதன்பிறகு ஹாலிவுட்டுக்கு ஏழை நாடு என்றாலே மஞ்சள். நமக்குத் தெற்கு மாவட்டங்கள்தான் மெக்சிகோ. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் சொல்கிறேன், எங்கள் ஊரில் வாழைத்தோட்டம் இருக்கிறது, வயல் இருக்கிறது, கார்த்திகையில் பார்த்தால் கண்ணே பச்சையாகிவிடும்.

இந்த மஞ்சள் முகத்துக்கு என்ன செய்கிறது? தோலுக்கான கோடு மஞ்சளுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது என்று சொன்னேன் இல்லையா. ஃபிரேம் முழுக்க மஞ்சளை ஊற்றினால் மண்ணும் சுவரும் தோலும் ஒரே இடத்தில் போய்க் குவியும். வெக்டர்ஸ்கோப்பில் ஒரே ஒரு கட்டியாகத் தெரியும். மனிதர்கள் நிலத்தோடு கரைந்துபோவார்கள். ‘மண்ணின் மைந்தர்கள்’ என்று விமர்சனத்தில் எழுதுவோம். ஆனால் அந்த மனிதருக்குத் தன் மண்ணிலிருந்து தனியாக ஒரு முகம் இருக்கிறதே, அது எங்கே?

திரில்லர் என்றால் வேறு மருந்து: டீலும் ஆரஞ்சும். நிழலில் நீலப்பச்சையைத் தள்ளு, வெளிச்சத்தில் ஆரஞ்சைத் தள்ளு. முகம் ஆரஞ்சு, பின்னணி நீலம், இரண்டும் எதிரெதிர், முகம் துள்ளி நிற்கும். இந்தச் சூத்திரத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: முகம் வெளிச்சத்தில் இருக்கும், நிழலில் இருக்காது. வெள்ளைத் தோலுக்கு அது பொருந்தும். நம் முகங்களில் பாதி, வேவ்ஃபார்மில் எங்கே நிற்கிறதோ அதைத்தான் இந்தச் சூத்திரம் நிழல் என்று சொல்கிறது. நிழலுக்கென்று ஊற்றிய நீலப்பச்சை தாடைக்கும் கழுத்துக்கும் கண்ணுக்கடியிலும் இறங்கிவிடும். தோல் சாம்பல் பூத்துப்போகும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி. தப்பு யாருடையதும் இல்லை என்பதுபோலத் தெரியும். லட் போட்டவர் லட் போட்டார், அவ்வளவுதான்.

சிவப்பான நடிகையைத் தேர்ந்தெடுத்து, ஏழை வீட்டுப் பாத்திரம் என்பதால் பழுப்பு பூசி நடிக்கவைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். டி.ஐ. அறையில் அந்த முகம் வந்தால் உடனே தெரியும். பூச்சு ஒரே தட்டையாக நிற்கும், அடியில் ரத்தம் ஓடாது. வெட்கப்பட்டாலும் கோபப்பட்டாலும் கன்னம் மாறாது.

*

கறுப்பைக் கொண்டாடிய படங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) இருக்கிறது. ‘சிவாஜி’க்குப் பதினோரு வருஷம் கழித்து, அதே நடிகர். வில்லன் வெள்ளை உடையில், நாயகன் கறுப்பில். கடைசியில் திரை முழுக்கக் கறுப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி வெடித்துப் பறக்கும். தமிழ் சினிமா நிறத்தை அரசியலாகப் பேசிய இடங்களில் அது உச்சம், சந்தேகமில்லை. எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். அங்கே கறுப்பு ஒரு கொடியாக வெல்கிறது. உடையாக, பொடியாக, சுவராக வெல்கிறது. தோலாக, சாதாரணமாக, யாரும் எதுவும் சொல்லாமல் ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிற கறுப்பு எனக்கு வேறு படங்களில்தான் கிடைத்தது.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) அதில் ஒன்று. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். மலை பச்சை, பனி வெள்ளை, ஏலக்காய் மூட்டை சுமந்து ஏறுகிறவர்கள் கறுப்பு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தின்னாமல் இருக்கின்றன. பின்னால் மஞ்சு மூட்டமாக இருந்தால் முன்னால் நிற்கிற முகம் இன்னும் இருட்டாகத்தான் தெரியும். வேறொரு படமாக இருந்தால் அந்த முகத்துக்கு ஒரு விண்டோ போட்டுத் தூக்கியிருப்பார்கள். இங்கே விட்டுவைத்திருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அந்த முகத்தைப் பார்க்க நாம்தான் கொஞ்சம் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவர் பழக்கிக்கொள்வதுபோல.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021) இன்னொன்று. ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம். குடிகார அப்பனும் பள்ளிச் சீருடையில் பையனும் பொட்டலில் நடக்கிறார்கள், வெயிலில். மதுரைப் பக்கம்தான். ஆனால் வெயில் என்று காட்ட இந்தப் படம் மஞ்சளை நம்பவில்லை. கூசுகிற வானம், குட்டை நிழல், வேர்வை. அப்பனின் முதுகு நிலத்திலிருந்து பிரிந்தே தெரிகிறது. அந்த ஆளை மன்னிக்க முடியாது, ஆனால் அவனை நிலத்தின் ஒரு கட்டி என்று ஒதுக்கவும் முடியாது. அந்தப் படத்தின் நியாயமே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கதை மட்டும் அல்ல, கலரும் அந்த நியாயத்தைச் செய்கிறது.

கறுப்புத் தோலை எப்படிப் பார்க்கவேண்டும் என்று பேரி ஜென்கின்ஸின் ‘மூன்லைட்’ (2016) குழு உட்கார்ந்து யோசித்தது. மூன்று பகுதிகளுக்கும் மூன்று விதமான ஃபிலிம் சாயலைக் கலரிஸ்ட் அலெக்ஸ் பிக்கெல் உருவாக்கினார் என்பது பலரும் எழுதியது. எனக்குப் பிடித்த விஷயம் அதைவிடச் சின்னது. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் முகங்களில் பவுடரை விலக்கினார், எண்ணெயின் பளபளப்பைச் சேர்த்தார். வெளுத்த தோல் வெளிச்சத்தை வாங்கிப் பரப்பும். கறுத்த தோல் வெளிச்சத்தைக் கண்ணாடிபோலத் திருப்பித் தரும். நெற்றியில் ஒரு கீற்று, மூக்கின் விளிம்பில் ஒரு கீற்று, அது போதும் முகம் முழுசாக எழுந்துவர. மொத்தத்தையும் தூக்கவேண்டியதில்லை. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ‘மூஞ்சில எண்ணெ வழியுது, தொடச்சிட்டு வா’ என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் போட்டோகிராபர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். தேங்காய் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பவுடர் போட்டு, பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளிச்சம் இல்லையே என்று அழுதுகொண்டிருந்தோம்.

*

இதற்கு மறுப்பு உண்டு. சொன்னவர் நான் மதிக்கிற ஒரு சீனியர். “தம்பி, நீ சொல்றதெல்லாம் சரிதான். இந்த சூட்ல திரைக்கு 14 ஃபுட்லாம்பர்ட் வெளிச்சம் வருது. ஊர்ல இருக்குற தியேட்டர்ல லாம்ப் ஆயுசு முடிஞ்சும் ஓட்டிக்கிட்டிருப்பான். பாதிதான் வரும். நீ 40-ல விட்டுட்டுப் போற முகம் அங்க இருட்டு. மூணாவது வரிசைல இருக்குறவன் ‘லைட்ட போடுடா’ன்னு கத்துவான். அவனுக்காகத்தான் ஏத்துறோம்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தியேட்டர்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கலர் கரெக்‌ஷன் என்பதே தலையீடுதான் என்பதும் உண்மை. கேமராவிலிருந்து வருகிற லாக் காட்சி வெந்து வடித்த கஞ்சி மாதிரி சாம்பலாக இருக்கும். அதற்கு யாராவது ஒரு நிறத்தை முடிவு செய்துதான் ஆகவேண்டும். இதுதான் இயற்கை, மற்றதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் தெரியவைப்பது வேறு, வெளுக்க வைப்பது வேறு. முகம் தெரியவேண்டும் என்றால் பின்னணியை இறக்கலாம், முகத்துக்குள்ளேயே நிழலுக்கும் மினுக்கத்துக்கும் இடைவெளியைக் கூட்டலாம், செறிவை அப்படியே காப்பாற்றலாம். செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நடுத்தர வெளிச்சத்தை மொத்தமாகத் தூக்கிச் செறிவை இறக்குவது வெறும் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு அடியில் நம் மாமாவின் தாழ்ந்த குரல் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. ‘எல்லாரும் பாப்பாங்க’ என்ற பயம் அவருக்கு. அந்த ‘எல்லாரும்’ யாரென்று பார்த்தால் நாம்தான். மாப்பிள்ளை வீட்டில் யாரும் அப்படி ஒன்றும் சிவப்பில்லை, அதையும் நான்தான் எடிட் செய்தேன்.

போன மாதம் பழைய ஹார்டு டிஸ்க்குகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கல்யாண புராஜெக்ட் கிடைத்தது. திறந்தேன். தாலி கட்டும் ஷாட்டில் ஐந்து நோட் போட்டிருக்கிறேன். நான்காவது முகம். அதை அணைத்தேன்.

சேலையின் அரக்கு அவள் தாடைக்கு அடியில் லேசாக ஏறியிருந்தது. பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தோலில் எப்போதும் அப்படி ஏறும். காலையில் பூசிய மஞ்சள் காதோரத்தில் மிச்சம் இருந்தது. நெற்றியில் வேர்வை. மேலே இருந்த வீடியோ லைட் அந்த வேர்வையில் ஒரு சின்னக் கோடாக நின்றது. எனக்கு அவள் முகம் இவ்வளவு நாளும் தெரியவே இல்லை, நான் பத்து மணிநேரம் பார்த்து வேலை செய்த முகம் அது. மறுபடி இதை ஏற்றுமதி செய்து அனுப்பலாமா என்று யோசித்தேன். யாருக்கு அனுப்புவது, என்னவென்று சொல்லி அனுப்புவது? அவள் வீட்டில் இருக்கிற பென்டிரைவில் வேறொருத்திக்குத்தான் இன்னும் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. சேலை மட்டும் சரியான நிறத்தில்.

மூடுவதற்குமுன் அந்த நான்காவது நோடின்மேல் கர்சரை வைத்தேன். அந்தக் காலத்தில் எல்லா நோடுக்கும் ஒழுங்காகப் பெயர் வைப்பேன். ‘சரி’ என்று வைத்திருந்தேன்.